கத்தும் முன் கேட்டுப் பார்ப்போம்: வேலை இடத்துக் கோபமும் சண்டையும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொங்கு நாட்டில் வேலைக்குப் போகிற யாருக்கும் இது புதிதல்ல. திருப்பூரில் ஷிப்மென்ட் தேதி நெருங்கும் பனியன் கம்பெனியாக இருக்கட்டும், கோவையில் பம்புக்கு வார்ப்பு ஊற்றும் ஃபவுண்டரியாக இருக்கட்டும், கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையாக இருக்கட்டும், வேலை எங்கோ ஓரிடத்தில் தடைபடுகிறது. அந்த இடத்தில் நிற்கும் ஆள் மேல் எல்லாருடைய கோபமும் விழுகிறது. நான் பனியன் தொழிலில் புரொடக்‌ஷன் பக்கம் இருப்பவன். அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். கோபம் வந்தால் கத்தும் முன் என்ன நடந்தது என்று கேளுங்கள் என்பது நான் எப்போதும் சொல்வது. அதைப் பற்றித் தளத்திலும் டீக்கடையிலும் பலர் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கோபம் வரும்போது கேள்வி கேட்கச் சொல்கிறீர்கள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு விஷயம் நடந்ததும் அதற்கு ஒரு காரணத்தை நாமாகவே மனசுக்குள் எழுதிக்கொள்கிறோம். கோபம் பெரும்பாலும் அந்தக் காரணத்தின் மேல்தான் வருகிறது.

கட்டிங்கிலிருந்து பண்டில், அதாவது வெட்டிய துணிக் கட்டு, பத்தரைக்கு வந்திருக்க வேண்டும். பன்னிரண்டாகியும் காணோம். தையல் லைனில் டெய்லர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பீஸ் ரேட்டில், அதாவது தைக்கும் பீஸ் கணக்கில் கூலி வாங்குபவர்களுக்கு, அந்த ஒன்றரை மணி நேரமும் காசு. லைன் சூப்பர்வைசர் மனசில் உடனே ஓடுவது, "கட்டிங் மாஸ்டருக்குத் திமிரு, நம்ம லைன்னா அவருக்கு இளக்காரம்." இந்த நினைப்பு வந்த பிறகுதான் ரத்தம் சூடாகிறது.

மாஸ்டர் பக்கம் போய்ப் பார்த்தால் கதை வேறாக இருக்கலாம். நிட்டிங் துணி ரோலில் சுற்றியிருக்கும்போது இழுபட்ட நிலையில் இருக்கும். பிரித்துப் போட்டு ஆற விட்டால்தான் சுருங்கித் தன் அளவுக்கு வரும். அவசரத்தில் அப்படியே வெட்டினால், தைத்து முடித்த பிறகு பீஸின் நீளம் குறைந்து நிற்கும். துணி நேற்று ராத்திரிதான் வந்து இறங்கியது, அதை ஆற விட்டிருக்கிறார் என்றால், அந்த மாஸ்டர் காப்பாற்றிக்கொண்டிருப்பது உங்கள் லைனின் பெயரைத்தான்.

அடுத்தவர் செய்த காரியத்துக்கு அவருடைய குணத்தையே காரணமாக்கி, அவர் மாட்டிக்கொண்டிருக்கும் சூழ்நிலையைக் கணக்கில் எடுக்காமல் விடுவது மனுஷ சுபாவம். லீ ராஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1977-ல் இதை நம் கணிப்புகளில் உள்ள அடிப்படைப் பிழை என்றே எழுதினார். நாம் தாமதமாக வந்தால் அவிநாசி ரோட்டில் டிராஃபிக் காரணம். அடுத்தவர் தாமதமாக வந்தால் அவர் சோம்பேறி. "அங்கே என்னதான் நடந்தது" என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் இந்தக் கணிப்பு தள்ளிப் போகிறது, கூடவே கோபமும் தள்ளிப் போகிறது.

ஒரு உதாரணத்தை முழுசாகச் சொல்ல முடியுமா?

திருப்பூரில் தினமும் எங்காவது நடக்கும் சண்டை ஒன்றைச் சொல்கிறேன்: ஷேட் சண்டை, அதாவது துணியின் நிறம் பற்றிய சண்டை.

ஐரோப்பாவில் உள்ள ஒரு பையருக்கு, அதாவது ஆர்டர் கொடுத்து வாங்குபவருக்கு, நேவி ப்ளூ டி ஷர்ட். சாயப்பட்டறையிலிருந்து துணி வந்துவிட்டது. கம்பெனியில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பெண் அதைப் பார்த்துவிட்டு, பையர் ஒப்புதல் கொடுத்த லேப் டிப்போடு (சாயம் போட்டுக் காட்டிய மாதிரித் துண்டோடு) ஒத்துப்போகவில்லை, சிவப்பு அடிக்கிறது என்கிறார். சாயப்பட்டறை இன்சார்ஜ், "நாங்க பக்காவா மேட்ச் பண்ணித்தானுங்க அனுப்பினோம்" என்கிறார். இவருக்கு அவர் பொய் சொல்கிறார் என்று தோன்றுகிறது. அவருக்கோ, ஆபீசில் ஏசியில் உட்கார்ந்துகொண்டு குறை சொல்கிறார்கள் என்று தோன்றுகிறது. வழக்கமாக இங்கிருந்து டெபிட் நோட் (நஷ்டத்தை அவர் பில்லில் கழிக்கும் சீட்டு), முதலாளி பஞ்சாயத்து, அடுத்த ஆர்டரில் முகம் கொடுத்துப் பேசாமை என்று போகும்.

அந்த இடத்தில் மெர்ச்சண்டைசர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்.

"அண்ணா, நீங்க எந்த லைட்ல வெச்சுப் பார்த்தீங்க?"

"டி 65லதானுங்க அம்மணி. எப்பவுமே அதுலதான் பார்க்கறமுங்க."

டி 65 என்பது பகல் வெளிச்சத்துக்கு நிகரான விளக்கு. ஆனால் இந்த பையரின் ஆர்டர் ஷீட்டில் டிஎல் 84-ல் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. அது ஐரோப்பியக் கடைகளில் எரியும் விளக்குக்கு நிகரானது. ஒரு நிறத்தை வேறு வேறு சாயக் கலவைகளால் கொண்டுவர முடியும். அப்படிக் கொண்டுவந்தவை ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் இன்னொரு வெளிச்சத்தில் தனித்தனியாகவும் தெரியலாம். லைட் பாக்ஸில் சுவிட்சை மாற்றி மாற்றிப் பார்த்தால் நம் கண் முன்னாலேயே சிவப்பு ஏறுவதும் இறங்குவதும் தெரியும். அவர் சொன்னதும் உண்மை, இவர் பார்த்ததும் உண்மை.

அப்புறம் இரண்டாவது கேள்வி வரும்: "நாங்க அனுப்பின டையிங் புரோகிராம்ல லைட் என்னன்னு போட்டிருந்துச்சுங்களா?" சாயத்துக்குக் கொடுத்த அந்தப் படிவத்தை எடுத்துப் பார்த்தால் கலர் பேர், லேப் டிப் நம்பர், ஜி.எஸ்.எம் (துணியின் கனம்), எத்தனை கிலோ, எல்லாம் இருக்கிறது. லைட் பற்றி ஒரு வரியும் இல்லை, ஏனென்றால் அந்தப் படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது. ஒரு கட்டம் சேர்த்தால் அடுத்த ஆர்டரில் இந்தச் சண்டை வராது.

இந்தத் துணியை மறுபடி சாயத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். செலவு செலவுதான், கேள்வி கேட்டதால் அது குறையப்போவதில்லை. ஆனால் செலவை யார் எவ்வளவு ஏற்பது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேச முடிகிறது. நல்ல சாயப்பட்டறை ஒன்றின் உறவும் கெடாமல் நிற்கிறது. சீசன் நேரத்தில் அந்த உறவின் மதிப்பு என்னவென்று ஆர்டர் ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

"ஏன் இப்படிப் பண்ணீங்க" என்றுதான் நானும் கேட்கிறேன். ஆனால் ஆட்கள் சீறுகிறார்களே?

அது கேள்வி மாதிரி இருந்தாலும் கேட்பவர் காதில் குற்றச்சாட்டாகத்தான் விழும். "ஏன் லேட்டு?" என்று கேட்டால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தொடங்குவார். "காலைல இருந்து என்னென்ன ஆச்சுங்க?" என்று கேட்டால் நடந்ததைச் சொல்லத் தொடங்குவார். எப்போது நின்றது, எந்த ரோலில் தெரிந்தது, அப்போது யார் என்ன சொன்னார்கள், இப்போது கையில் என்ன இருக்கிறது. நடந்ததைப் பற்றிய கேள்விகள் ஆளைக் கூண்டில் ஏற்றுவதில்லை.

ஏன் என்ற கேள்வியை முழுசாக விட்டுவிடவும் வேண்டாம். அதை ஆளிடமிருந்து எடுத்து வேலையின் மேல் வையுங்கள். டொயோட்டா கார் கம்பெனியில் ஒரு கோளாறு வந்தால் ஐந்து முறை ஏன் என்று கேட்டு அடிவேர் வரை போவார்கள். அந்தப் பழக்கத்துக்கு முன்னோடியாகச் சொல்லப்படுபவர் சகிச்சி டொயோடா. கார் செய்வதற்கு முன்னால் அந்தக் குடும்பம் தறி செய்துகொண்டிருந்தது. நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும் தறிகளை உருவாக்கியவர் அவர். 1924-ல் வந்த அவருடைய தானியங்கித் தறி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்கு இது உடனே புரியும்: நூல் அறுந்த பிறகும் தறி ஓடிக்கொண்டே இருந்தால் துணி முழுக்கக் குறைதான். நிறுத்து, பார், ஏன் அறுந்தது என்று கேள். நூலைத் திட்டி ஒரு பயனும் இல்லை.

ஃபவுண்டரிக்கும் இதுவே. மெஷின் ஷாப்பில் பம்பு உறையைக் கடையும்போது உள்ளே காற்று ஓட்டை தெரிகிறது. ஏன்? வார்ப்பில் வாயு மாட்டிக்கொண்டது. ஏன்? மணலில் ஈரம் அதிகம். ஏன் அதிகம்? மணல் ராத்திரி மழையில் நனைந்தது. ஏன் நனைந்தது? கொட்டகை ஓடு உடைந்து கிடக்கிறது. மணல் அச்சு செய்யும் மோல்டரைப் பார்த்துக் கத்துவதால் ஓடு ஒட்டிக்கொள்ளாது.

எல்லாம் சரி, அந்த நேரத்தில் உடம்பே பதறுகிறது. கேள்வி எங்கிருந்து வரும்?

வராது. அதனால் அந்த நிமிஷத்தில் பேசாமல் இருப்பதுதான் முதல் வேலை. "பார்த்துட்டு வந்து பேசறேனுங்க" என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே போய்ப் பொருளைப் பாருங்கள். அந்தப் பீஸை, அந்த ரோலை, அந்த மெஷினைக் கையில் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்கும் கைக்கும் வேலை கொடுத்தால் மனசு கொஞ்சம் அடங்கும்.

இன்னொன்றும் உதவும். மனசுக்குள்ளேயே உணர்ச்சிக்குப் பேர் வைத்துச் சொல்லிப் பாருங்கள்: "எனக்கு இப்ப பயமா இருக்கு, சரக்கு போகலைன்னா என் தலைதான் உருளும்." கோபம் என்று நினைத்தது பல நேரம் பயமாக இருக்கும், இல்லை அவமானமாக இருக்கும். அமெரிக்காவில் மேத்யூ லீபர்மனும் அவர் குழுவினரும் 2007-ல் வெளியிட்ட மூளைப் படப் பரிசோதனையில், உணர்ச்சியை வார்த்தையாக்கும்போது மூளையில் பயத்தையும் பதற்றத்தையும் கிளப்பும் பகுதியின் வேகம் குறைவதைக் கண்டார்கள்.

நேரத்தையும் கவனியுங்கள். சனிக்கிழமை சம்பளக் கணக்கு போடும் நேரம், ஒன்றரை ஷிப்ட் வேலை பார்த்து ராத்திரி முடியும் நேரம், கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்ப லாரி வாசலில் நிற்கும் நேரம், இதெல்லாம் யாரிடமும் எதையும் விசாரிக்கத் தோதான நேரமே இல்லை. அப்போது ஆக வேண்டியதை மட்டும் பாருங்கள். மறுநாள் காலை டீ நேரத்தில் கேளுங்கள். ஆனால் கட்டாயம் கேளுங்கள், தள்ளிப்போட்டு மறந்துவிட்டால் அது உள்ளேயே புகைந்துகொண்டிருக்கும்.

நான் சூப்பர்வைசர். என்னிடம் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. என்ன செய்ய?

இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தையல் தளத்தில் ஊசி உடைவது சாதாரணம். ஆனால் குழந்தைகள் துணி தைக்கும் கம்பெனியில் உடைந்த துண்டு ஒன்று பீஸுக்குள் தங்கிப் போனால் அது ஒரு குழந்தையின் உடம்பில் குத்தும். அதனால்தான் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, நீடில் ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, கையெழுத்து வாங்கிப் புது ஊசி கொடுக்க வேண்டும் என்ற நடைமுறை இருக்கிறது. துண்டு கிடைக்காவிட்டால் அங்கே இருக்கும் பீஸ்களை எல்லாம் ஓரமாக வைத்து மெட்டல் டிடெக்டரில் விட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு லைனில் ரெஜிஸ்டரில் நிறைய பதிவு இருக்கிறது. இன்னொரு லைனில் மாசம் முழுக்கப் பக்கம் காலி. எந்த லைன் நல்ல லைன்? காலியாக இருக்கும் லைனைத்தான் பலர் பாராட்டுவார்கள். நான் முதலில் போய் நிற்பது அந்தக் காலிப் பக்கத்து லைனில்தான். ஊசி உடையாத தையல் தளம் கிடையாது. பதிவு இல்லை என்றால் யாரோ மறைக்கிறார்கள்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் அமெரிக்க ஆஸ்பத்திரி வார்டுகளில், மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தபோது இதையேதான் பார்த்தார். நன்றாக ஒத்துழைக்கும் வார்டுகளில் தவறுகள் குறைவாகப் பதிவாகும் என்று எதிர்பார்த்தார், கூடுதலாக இருந்தது. அங்கே தவறு அதிகம் நடக்கிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை. அங்கே நர்ஸ்கள் பயப்படாமல் சொன்னார்கள். மற்ற இடங்களில் மூடி மறைத்தார்கள்.

ஊசி விஷயத்துக்குத் திரும்புவோம். மறைக்கிற டெய்லரைப் பிடித்துக் கத்தினால் அடுத்த முறை இன்னும் நன்றாக மறைப்பார். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "அக்கா, ஊசி உடைஞ்சா புதுசு கைக்கு வர எவ்வளவு நேரம் ஆகுதுங்க?" பதில் இப்படி வரலாம்: "எந்திரிச்சு அந்தக் கடைசிக்குப் போகோணும், அங்க ஆள் இருக்காது, கையெழுத்துக்கு உங்களைத் தேடோணும், அதுக்குள்ள எனக்கு எத்தனை பீஸ் போயிருமுங்க? ஊட்டுக்கு எடுத்துட்டுப் போற காசு அதுதானுங்களே."

இப்போது எல்லாம் விளங்குகிறது. பீஸ் ரேட்டில் தைக்கும் ஒருவருக்கு, உண்மையைச் சொல்வதற்கு ஒரு விலை வைத்திருக்கிறோம். அந்த விலையை அவர் கூலியிலிருந்து கழிக்கிறோம். ஊசிப் பெட்டியையும் ரெஜிஸ்டரையும் ஒருவர் லைனுக்கே கொண்டு வந்தால், தேடும் நேரத்துக்குக் கூலி வெட்டாமல் இருந்தால், காலியாக இருந்த பக்கம் நிரம்பும். அது நிரம்புவதைப் பார்த்து முதலாளி முகம் சுளித்தால், ஏன் நிரம்புகிறது என்று அவருக்கு எடுத்துச் சொல்வதும் உங்கள் வேலைதான்.

ஆட்கள் உங்களிடம் கெட்ட செய்தி கொண்டு வரும்போது உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதைத்தான் தளமே பார்த்துக்கொண்டிருக்கிறது. "சொன்னது நல்லதாப் போச்சுங்க, வாங்க பார்க்கலாம்" என்று ஒரு முறை சொன்னால் அது லைன் முழுக்கப் பரவும். ஒரு முறை எரிந்து விழுந்தாலும் அதே வேகத்தில் பரவும்.

முதலாளியிடமே கோபம் என்றால்? அவரிடம் கேள்வி கேட்க முடியுமா?

முடியும், கேட்கும் விதம் வேறு. "நாளைக்கு ரெண்டு ஆர்டரும் போயே ஆகோணும்" என்கிறார். முடியாது என்று நமக்குத் தெரியும். "முடியாதுங்க" என்று சொன்னால் அவர் காதில் அது சோம்பலாக விழும். தலையாட்டிவிட்டு வந்து வெளியே புலம்பினால் நாளைக்கு இரண்டும் போகாது. "ரெண்டுல எது ஒரு நாள் தள்ளினாலும் பையர் பொறுத்துக்குவாருங்க? அதுக்குத் தக்க ஆளை மாத்திக்கறேன்" என்று கேளுங்கள். அவர் மனசில் ஓடும் கணக்கு அப்போதுதான் வெளியே வரும். பேங்க்கில் பில் வைக்க வேண்டிய தேதியாக இருக்கலாம், ஏர்ல, அதாவது விமானத்தில், அனுப்பச் சொல்லிவிடுவார்களோ என்ற பயமாக இருக்கலாம். ஏர் சரக்கு என்றால் அந்த ஆர்டரின் லாபம் மொத்தமும் போய்விடும் என்று அவர் தூங்காமல் இருந்திருக்கலாம்.

எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். நம் பக்கத்தில் பெரியவர்களைச் சபையில் மடக்கினால், சொன்னது நியாயமாகவே இருந்தாலும் அவர் இறங்கி வர வழியிருக்காது. ரூமில் தனியாகக் கேளுங்கள்.

பங்காளி, மாமன் மச்சான் சேர்ந்து நடத்தும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சண்டை எது வீட்டுடையது, எது தொழிலுடையது என்றே தெரியவில்லை.

கொங்கு நாட்டுத் தொழில்களில் பாதிக்கு மேல் சொந்தபந்தத்தில்தான் நிற்கிறது என்று தைரியமாகச் சொல்வேன். அண்ணன் தம்பி, மச்சான் மாப்பிள்ளை என்று முதல் போட்டு, ஒருவர் நிட்டிங், ஒருவர் தையல் என்று பிரித்துக்கொண்டு வளர்ந்தவர்கள் ஏராளம். அந்த நம்பிக்கையில்தான் பத்திரம் இல்லாமலும் பணம் புரண்டது. அதே காரணத்தால் விசேஷத்தில் சரியாக அழைக்கவில்லை, சீர் குறைந்துபோனது என்ற மனத்தாங்கலும் யார்ன் (நூல்) விலை பேசும்போது வெளியே வரும்.

நீங்கள் வேலைக்காரர் என்றால் வீட்டு விஷயத்துக்குள் போகவே வேண்டாம். இரண்டு பங்குதாரர் இரண்டு விதமாக உத்தரவு போட்டால், ஒருவர் பக்கம் சாயாமல், "ரெண்டு பேரும் பேசி ஒண்ணு சொல்லீருங்க, அதுவரைக்கும் இந்த லாட்டை நிறுத்தி வெக்கட்டுங்களா?" என்று இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்.

நீங்களே பங்குதாரர் என்றால் கேட்க வேண்டியது வேறு. "மச்சான், இந்த யார்ன் விஷயத்துலதான் உங்களுக்கு வருத்தமா, இல்ல அதுக்கு முன்னால ஏதாச்சும் இருக்குதுங்களா?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் கஷ்டம். பழைய பாக்கி எல்லாம் வரும். எதிர்க்கணக்கு எடுக்காமல் முழுசாகக் கேளுங்கள். அன்றைக்கே பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்களோடு வேலை. பாஷையே தெரியாமல் என்ன கேட்பது?

"புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். தலையை ஆட்டுவார்கள். பயத்தில் ஆட்டினார்களா, புரிந்து ஆட்டினார்களா என்று உங்களுக்குத் தெரியாது. "நீ ஒரு தடவை தைச்சுக் காட்டு" என்று பீஸைக் கையில் கொடுங்கள். கை சொல்லும் பதில் தெளிவானது. செல்போனில் மொழிபெயர்த்துக் கேட்பது சின்ன விஷயங்களுக்குப் போதும். சம்பளக் கணக்கு, லீவு, உடம்புக்கு முடியாதது போன்றவற்றுக்கு இரண்டு பாஷையும் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும், அவர் லேபர் கான்ட்ராக்டரின் ஆளாக இல்லாமல் இருப்பது நல்லது.

பேர் தெரிந்துகொள்ளுங்கள், ஊர் தெரிந்துகொள்ளுங்கள். திடீரென்று பத்துப் பேர் ஒன்றாக லீவு கேட்டால், பெரும்பாலும் அவர்கள் ஊரில் சத் பூஜையோ ரத யாத்திரையோ இருக்கும். முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தால் அந்த வாரத்து பிளானை அதற்கேற்பப் போட்டிருக்கலாம். நமக்குப் பொங்கல் எப்படியோ அவர்களுக்கு அது அப்படி.

கோவையில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறேன். எங்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். சரவணம்பட்டியில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கிறவர்களுக்குச் சண்டை பெரும்பாலும் எழுத்தில் வருகிறது. "இது இன்னும் முடியலையா?" என்று ஒரு வரி. எழுதியவர் சாதாரணமாகக் கேட்டிருப்பார், படிப்பவருக்குக் குத்தலாகத் தெரியும். குத்தலாகத் தெரிந்த எதற்கும் எழுத்தில் பதில் போடாமல் போன் பண்ணிக் கேளுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பில் என்னைத் திட்டிவிட்டார். குரூப்பிலேயே கேட்கலாமா?

வேண்டாம். "நேர்ல வந்து பேசறேனுங்க" என்று ஒரு வரி போட்டுவிட்டுத் தனியாகப் பேசுங்கள்.

இப்படிக் கேட்டுக் கேட்டுப் போனால் என்னை ஏமாளி என்று நினைக்க மாட்டார்களா?

கேட்பது வேறு, விட்டுக்கொடுப்பது வேறு. என்ன நடந்தது என்று முழுசாகக் கேட்ட பிறகு "இது ஒத்துக்க முடியாதுங்க" என்று சொல்ல உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. கேட்காமல் சொல்வதைவிட அப்போது அதற்கு வலு அதிகம், ஏனென்றால் எதிராளியிடம் "உங்களுக்கு விஷயமே தெரியாது" என்ற ஆயுதம் இருக்காது.

ஒரே ஆள், ஒரே தப்பு, திரும்பத் திரும்ப என்றால் ஒவ்வொரு தடவையும் புதிதாக விசாரிக்க வேண்டியதில்லை. "இது மூணாவது தடவைங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்துச்சு, எல்லாம் நியாயமாத்தான் இருந்துச்சு. ஆனா திங்கக்கிழமைன்னா இது வருது. என்ன பண்ணலாம்?" என்று அந்தத் தொடர்ச்சியையே எடுத்து வையுங்கள். அதற்கும் மாறவில்லை என்றால் முடிவு எடுக்க வேண்டியதுதான். அந்த முடிவு அவருக்கு ஆச்சரியமாக இருக்காது.

போலியாகக் கேட்பதில்தான் ஆபத்து. பதிலை முன்னாலேயே முடிவு செய்துவிட்டு, மாட்டிவிடுவதற்காகக் கேள்வி கேட்டால் ஆட்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அப்படிக் கேட்பதைவிட நேராகக் கோபப்படுவது எவ்வளவோ மேல்.

கேட்டேன். பதிலே சொல்லவில்லை. என்ன செய்ய?

விட்டுப் பிடியுங்கள். முதல் தடவை யாரும் சொல்ல மாட்டார்கள், இவ்வளவு நாள் கத்தியவர் திடீரென்று பொறுமையாகக் கேட்டால் சந்தேகம்தான் வரும்.

எல்லாச் சண்டையிலும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டுமா?

இல்லவே இல்லை. கூலியைப் பிடித்து வைத்திருப்பவரிடம், கை நீட்டுகிறவரிடம், பெண்களிடம் தப்பாக நடப்பவரிடம், சாதியைச் சொல்லி இழிவு செய்பவரிடம் போய் அவர் மனசில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் பொறுப்பு பாதிக்கப்பட்டவருக்குக் கிடையாது. அதைக் கேட்கச் சொல்வது அநியாயம்.

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்க 2013-ல் வந்த சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சின்ன இடம் என்றாலோ, புகார் முதலாளி மேலேயே என்றாலோ, மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். சாதி இழிவுக்கு 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பெண்கள் உதவிக்கு 181. வேலை நெருக்கடியில் மனசு தாங்க முடியாமல் போனால் 14416-க்குப் போன் செய்து தமிழிலேயே பேசலாம்.

நம் ஊர் வரலாற்றிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. சாயக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் பாழானபோது விவசாயிகள் வருஷக்கணக்கில் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்பு நிஜமான நிபந்தனையாக நின்றது. உத்தரவு கையில் இருந்த பிறகு அதை எப்படி நடைமுறையாக்குவது என்ற கேள்விகளுக்குப் பதில் தேட வேண்டி வந்தது. உப்பை எப்படிப் பிரிப்பது, தண்ணீரை எப்படித் திரும்பப் பயன்படுத்துவது, செலவை யார் தாங்குவது. பலம் சமமாக இல்லாத இடத்தில் முதலில் சட்டம் வர வேண்டும், கேள்வி அப்புறம் வரலாம்.

விசாரித்துப் பார்த்ததில் தப்பு எங்கள் பக்கம் என்று தெரிந்துவிட்டால்?

எந்த இடத்தில் அவரைக் குறை சொன்னீர்களோ அதே இடத்தில் திருத்திச் சொல்லுங்கள். லைன் முன்னால் கத்தியிருந்தால் லைன் முன்னால், குரூப்பில் போட்டிருந்தால் குரூப்பில். தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் பேசினால் அவருக்கு மட்டும் தெரியும், பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களுக்கு அவர் இன்னும் குற்றவாளிதான். டெபிட் நோட் போட்டிருந்தால் அக்கவுன்ட்ஸில் சொல்லி அன்றைக்கே அதை ரத்து செய்து, ரத்து செய்த காகிதத்தை அவர் கைக்கே அனுப்பி வையுங்கள்.